வீரர் போனாலும் செலவு போகாது: கால்பந்து வீடியோ கேம்களில் ஒப்பந்தமும் ஊதிய உச்சவரம்பும்

ஐபிஎல் தொடருக்காக 2024 நவம்பரில் நடைபெற்ற ஏலத்தில் வெங்கடேஷ் ஐயரை கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணி ரூ.23.75 கோடிக்கு வாங்கியது. ஒரு சீசன் முடிந்ததும் அவரை விடுவித்தது. அந்தத் தொகை முழுவதும் அடுத்த ஏலத்துக்கான கையிருப்பில் மீண்டும் சேர்ந்தது. வீரர் போனார், அவருக்கான செலவும் கணக்கிலிருந்து போனது.

அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லில் 2024 மார்ச் மாதம் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. டென்வர் பிராங்கோஸ் அணி, தனது தாக்குதல் வரிசையை வழிநடத்திய குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை விடுவித்தது. ஆனால், அவருடைய பெயரில் 8.5 கோடி டாலர் அந்த அணியின் ஊதியக் கணக்கிலேயே தங்கிவிட்டது. 2024-இல் சுமார் 5.3 கோடி, 2025-இல் சுமார் 3.2 கோடி என இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் சுமை பிரிக்கப்பட்டது. வில்சன் வேறு அணிகளின் சீருடையில் களமிறங்கிய அந்த இரு ஆண்டுகளிலும் டென்வர் அணியின் கணக்கில் அவர் பெயர் நீடித்தது.

இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர் 'மேடன் என்எஃப்எல்', 'ஃபுட்பால் மேனேஜர்' போன்ற வீடியோ கேம்களில் அணியை நடத்தத் தொடங்குகின்றனர். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இருக்கும் பணத்தில் வீரர்களை வாங்குவதும், வேண்டாதவரை விடுவிப்பதும் எளிய கூட்டல் கழித்தலாகத் தெரியும். முதல் சீசனில் அது சரியாகவே இருக்கும். மூன்றாவது சீசனில் கோப்பையை வென்ற அணியைக் கலைத்தாக வேண்டிய நிலை வரும்போதுதான், கணக்கு எங்கே தவறியது என்ற கேள்வி எழுகிறது. எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, அந்தப் பணம் எந்த ஆண்டின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே இந்த விளையாட்டுகளின் அடிப்படை.

எந்த விளையாட்டில் எந்த முறை?

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகவும் தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் விளங்கிய ஜான் மேடனின் பெயரைத் தாங்கிய வீடியோ கேம் 1988-இல் முதன்முதலில் வெளிவந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் இதை ஆண்டுதோறும் புதுப்பித்து வெளியிடுகிறது. இதிலுள்ள 'ஃபிரான்சைஸ்' பிரிவில், விளையாடுபவர் ஓர் அணியின் உரிமையாளராகவோ பயிற்சியாளராகவோ பல சீசன்களுக்குப் பொறுப்பேற்கலாம். இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்', வீரர் பரிமாற்றம், ஒப்பந்தப் புதுப்பிப்பு, ஊதிய உச்சவரம்பு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இரண்டாவது, உலகம் முழுவதும் ஆடப்படும் கால்பந்தை அடிப்படையாகக் கொண்ட பிரிட்டன் தயாரிப்பான 'ஃபுட்பால் மேனேஜர்'. இதன் மூலம் 1992-இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் தொடங்கியது. 2004 முதல் இப்போதைய பெயரில் வெளிவருகிறது. இதில் விளையாடுபவர் பந்தை உதைப்பதே இல்லை. மேலாளராக இருந்து வீரர்களை வாங்குவது, விற்பது, ஒப்பந்தம் பேசுவது, ஆட்ட உத்தியை வகுப்பது ஆகியவையே அவரது வேலை.

மூன்றாவது, 2023 வரை 'ஃபிஃபா' என்ற பெயரில் அறியப்பட்ட 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி'. இதன் 'கேரியர்' பிரிவிலும் ஊதியம், ஒப்பந்தக் காலம், அணியில் வீரரின் இடம் ஆகியவை குறித்துப் பேரம் பேச வேண்டும். வீரர் அட்டைகளைச் சேர்த்து ஆடும் 'அல்டிமேட் டீம்' என்பது முற்றிலும் வேறு வகை. அது இந்த விளக்கத்தில் இடம்பெறவில்லை.

இந்த மூன்றிலும் இரண்டு வகையான கட்டுப்பாடுகள் செயல்படுகின்றன. மேடனில் எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. மற்ற இரண்டிலும் பெரும்பாலும் அந்தந்தக் கிளப்பின் வருவாய்க்கு ஏற்ப நிர்வாகம் ஒதுக்கும் ஊதிய நிதியே எல்லை.

அனைவருக்கும் ஒரே எல்லை

என்எஃப்எல் தொடரில் ஊதிய உச்சவரம்பு 1994-இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர் என்பதே எல்லை. 2024-இல் அது 25.54 கோடி டாலராகவும், 2025-இல் 27.92 கோடி டாலராகவும் உயர்ந்தது. வீரர்கள் சங்கத்துடன் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தப்படி, தொடரின் மொத்த வருவாயில் வீரர்களுக்குச் சேர வேண்டிய பங்கை வைத்து இந்தத் தொகை கணக்கிடப்படுகிறது. வருவாய் குறைந்தால் எல்லையும் குறையும். கொரோனா காலத்தில் அரங்குகள் வெறிச்சோடியதால், 2020-இல் 19.82 கோடியாக இருந்த வரம்பு 2021-இல் 18.25 கோடி டாலராகச் சுருங்கியது.

பெரு நகரத்து அணியும் சிறு நகரத்து அணியும் ஏறத்தாழ ஒரே அளவு பணத்தில் போட்டியிட வேண்டும் என்பதே இதன் நோக்கம். உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. எனவே, வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது செல்வம் அல்ல. ஒரே அளவு பணத்தை யார் திறமையாகப் பங்கிடுகிறார்கள் என்பதே.

போனஸ் என்னும் முன்பணம்

மேடனில் ஒரு வீரருடன் ஒப்பந்தம் பேசும்போது ஆண்டுகள், ஊதியம், போனஸ் ஆகிய மூன்றும் முக்கியமானவை. இவற்றில் போனஸ்தான் புதியவர்களைத் தடுமாற வைப்பது.

என்எஃப்எல் நடைமுறையில், கையெழுத்திடும்போது தரப்படும் போனஸ் வீரரின் கைக்கு முன்கூட்டியே சென்றுவிடும். ஆனால், உச்சவரம்புக் கணக்கில் அது ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதப்படும். அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை இவ்வாறு பிரிக்கலாம். இதை ஓர் எடுத்துக்காட்டுடன் காணலாம்.

ஒரு வீரருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம் எனக் கொள்வோம். ஊதியம் முதல் ஆண்டு 40 லட்சம் டாலர், இரண்டாம் ஆண்டு 80 லட்சம், மூன்றாம் ஆண்டு 1.20 கோடி, நான்காம் ஆண்டு 1.60 கோடி. இத்துடன் கையெழுத்து போனஸ் 2 கோடி டாலர். மொத்த மதிப்பு 6 கோடி டாலர்.

போனஸ் ஆண்டுக்கு 50 லட்சமாகப் பிரிக்கப்படுவதால், உச்சவரம்புக் கணக்கில் அந்த வீரரின் செலவு முதல் ஆண்டு 90 லட்சம், இரண்டாம் ஆண்டு 1.30 கோடி, மூன்றாம் ஆண்டு 1.70 கோடி, நான்காம் ஆண்டு 2.10 கோடி என்று அமையும். முதல் ஆண்டில் வீரர் பெறும் தொகை 2.40 கோடி, கணக்கில் ஏறுவதோ 90 லட்சம் மட்டுமே. எஞ்சிய 1.50 கோடி, வரும் ஆண்டுகளின் தலையில் வைக்கப்பட்ட கடன்.

இப்போது அந்த வீரரின் ஆட்டம் சரிந்துவிட்டது. முதல் ஆண்டு முடிந்ததும் அவரை விடுவிக்க அணி முடிவு செய்கிறது. எதிர்கால ஊதியத்தைத் தர வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டாலும், கணக்கில் ஏறாமல் மீதமுள்ள 1.50 கோடி போனஸ் ஒரே ஆண்டில் வந்து விழும். அவரை அணியில் வைத்திருந்தால் அந்த ஆண்டுக்கான செலவு 1.30 கோடிதான். அதாவது, வைத்திருப்பதைவிட விடுவிப்பதற்கு 20 லட்சம் டாலர் அதிகம் செலவாகும்.

இரண்டாம் ஆண்டு முடிவில் விடுவித்தால் மீதமுள்ள போனஸ் 1 கோடி. அந்த ஆண்டின் செலவு 1.70 கோடி, மிச்சம் 70 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் விடுவித்தால் மீதி 50 லட்சம் மட்டுமே, மிச்சமோ 1.60 கோடி. ஒரே வீரர், ஒரே ஒப்பந்தம். விடுவிக்கும் ஆண்டைப் பொறுத்து நட்டம் இலாபமாக மாறுகிறது.

அணியில் இல்லாதவருக்காகக் கணக்கில் நிற்கும் இந்தத் தொகையை அமெரிக்காவில் 'டெட் மணி' என்கின்றனர். மேடனில் ஒரு வீரரை விடுவிக்க முயன்றால், மிச்சமாகும் தொகையும் அபராதமாக நிற்கும் தொகையும் திரையில் காட்டப்படும். அபராதம் நடப்பு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் பிரித்துக் காட்டப்படுவதால், இந்த ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் அடுத்த ஆண்டு திகைக்க நேரிடும்.

வீரர் ஏன் போனஸைக் கேட்கிறார்?

என்எஃப்எல் ஒப்பந்தங்களில் அறிவிக்கப்படும் முழுத் தொகையும் பெரும்பாலும் உறுதியளிக்கப்பட்டது அல்ல. 5 ஆண்டு ஒப்பந்தம் என்று செய்தி வந்தாலும், மூன்றாம் ஆண்டில் அணி அவரை விடுவித்தால் உறுதியளிக்கப்படாத எஞ்சிய ஊதியம் அவருக்குக் கிடைக்காது. காயங்கள் மலிந்த இந்த ஆட்டத்தில், கையில் வந்த போனஸ்தான் வீரருக்குப் பாதுகாப்பு. அணிக்கோ இந்த ஆண்டின் கணக்கில் இடம் கிடைக்கிறது. ஒருவர் பாதுகாப்பை வாங்குகிறார். மற்றவர் கால அவகாசத்தை வாங்குகிறார். வீடியோ கேமில் போனஸை உயர்த்தினால் வீரர் விரைவாக ஒப்புக்கொள்வதற்கும் இந்த நியாயமே அடிப்படை.

டென்வர் அணி கற்ற பாடம்

ரஸ்ஸல் வில்சனுக்கு டென்வர் அணி 2022 செப்டம்பரில் அளித்தது 5 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்த நீட்டிப்பு. அந்த நீட்டிப்புக்குரிய ஆண்டுகள் தொடங்கும் முன்பே அவர் விடுவிக்கப்பட்டார். 2024-இல் அவருக்காகக் கணக்கில் நின்ற 5.3 கோடி டாலர், அந்த ஆண்டின் உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். மற்ற 31 அணிகள் 100 ரூபாயில் அணியைக் கட்டியபோது, டென்வர் 80 ரூபாய்க்கும் குறைவாகவே செலவிட முடிந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இருந்தும் அந்த அணி 2024 சீசனில் 10 வெற்றிகளுடன் பிளேஆஃப் சுற்றை எட்டியது. அதற்கு ஒரு காரணம், டிராஃப்டில் 12-ஆவதாகத் தேர்ந்தெடுத்த இளம் குவாட்டர்பேக் போ நிக்ஸ். புதுமுக வீரர்களின் ஊதியம் தேர்வு வரிசைப்படி வரையறுக்கப்பட்டிருப்பதால், அவருடைய 4 ஆண்டு ஒப்பந்தத்தின் முழு மதிப்பே சுமார் 1.86 கோடி டாலர்தான். அணியின் மிக முக்கியமான இடத்தில் குறைந்த ஊதியத்தில் ஒருவர் கிடைத்தால், மற்ற இடங்களை வலுப்படுத்தப் பணம் மிஞ்சும். மேடனில் நீண்ட காலம் வெற்றி பெறுபவர்கள் டிராஃப்டுக்கு முதலிடம் அளிப்பதன் காரணமும் இதுவே.

ஃபுட்பால் மேனேஜர்: வாரக் கணக்கு

ஐரோப்பியக் கால்பந்தில் ஊதியம் வாரக் கணக்கில் பேசப்படுகிறது. ஃபுட்பால் மேனேஜரிலும் கிளப் நிர்வாகம் இரண்டு ஒதுக்கீடுகளை அளிக்கும். ஒன்று, வீரர்களை வாங்குவதற்கான நிதி. மற்றொன்று, வாராந்திர ஊதிய நிதி. ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டிக்கொள்ளவும் வழி உண்டு. இங்கே ஆபத்து போனஸில் இல்லை. ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளில் இருக்கிறது.

ஒரு கிளப்பின் வாராந்திர ஊதிய நிதி 1 லட்சம் பவுண்டு என்று கொள்வோம். 25 வீரர்களுக்கு மொத்தம் 87,500 பவுண்டு செலவாகிறது. புதிய நட்சத்திர வீரர் வாரம் 9,000 பவுண்டு கேட்கிறார். மொத்தம் 96,500, எல்லைக்குள்தான் இருக்கிறது. கையெழுத்திட்டுவிடலாம் என்றே தோன்றும்.

ஆனால், வாரம் 5,000 பவுண்டு பெறும் மூன்று மூத்த வீரர்களின் ஒப்பந்தத்தில், 'அணியில் அதிக ஊதியம் பெறுபவருக்கு இணையாக எனக்கும் தர வேண்டும்' என்ற பிரிவு முன்பே சேர்க்கப்பட்டிருக்கிறது. புதியவர் வந்ததும் அந்த மூவரின் ஊதியமும் 9,000 ஆக உயரும். கூடுதலாக 12,000 பவுண்டு. மொத்தம் 1,08,500. எல்லையை வாரத்துக்கு 8,500 பவுண்டு மீறியாயிற்று. ஓராண்டுக்கு அது 4,42,000 பவுண்டு. ஒரு வீரரை வாங்கியதாக மட்டும் நினைத்தவர், உண்மையில் மேலும் மூன்று பேருக்கு ஊதியத்தை உயர்த்தியிருக்கிறார்.

ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, உயர் பிரிவுக்கு அணி முன்னேறினால் ஊதிய உயர்வு போன்ற பிரிவுகளும் இத்தகையவையே. பேரம் பேசும் நேரத்தில் வாரச் சம்பளத்தில் சில நூறு பவுண்டுகளைக் குறைக்க இவற்றைத் தாராளமாக அள்ளிக் கொடுப்பது எளிது. வெற்றி பெற்ற ஆண்டிலேயே எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.

அணிக்குச் சாதகமான பிரிவுகளும் உண்டு. காயத்துக்கு அடிக்கடி ஆளாகும் வீரர் வாரம் 5,000 பவுண்டு கேட்கிறார் எனில், வாரம் 3,000 பவுண்டும் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 2,500 பவுண்டும் தருவதாகப் பேசலாம். அவர் ஆண்டில் 40 ஆட்டங்களில் களமிறங்கினால் மொத்தம் 2,56,000 பவுண்டு. நிலையான ஊதியமாக இருந்திருந்தால் 2,60,000. வீரருக்குப் பெரிய இழப்பில்லை. ஆனால், காயத்தால் 10 ஆட்டங்களில் மட்டுமே ஆடினால் செலவு 1,81,000 பவுண்டாகக் குறையும். கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் ஊதியம் குறையும் என்ற பிரிவும் சிறிய கிளப்புகளைக் காப்பாற்றக்கூடியது.

ஒப்பந்தம் முடிந்தால் கைக்கு வருவது பூஜ்யம்

பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று அளித்த தீர்ப்பு, கால்பந்தின் பொருளாதாரத்தையே மாற்றியது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மாற்றுக் கட்டணம் ஏதுமின்றி வேறு கிளப்புக்குச் செல்லலாம் என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தில் கடைசி 6 மாதங்கள் எஞ்சியிருக்கும்போதே வேறு கிளப்புடன் பேசி முடிக்கவும் வீரருக்கு உரிமை உண்டு.

கிலியன் எம்பாப்பேவை பாரிஸ் செயின்ட்-ஜெர்மைன் கிளப் பெற்றது 18 கோடி யூரோ மதிப்புள்ள உடன்பாட்டில். 2024 ஜூனில் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். மாற்றுக் கட்டணமாகப் பழைய கிளப்புக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஃபுட்பால் மேனேஜரிலும் எஃப்சியிலும் இதே நிலை ஏற்படும். எனவே, ஒப்பந்தத்தில் 2 ஆண்டுகள் எஞ்சியிருக்கும்போதே புதுப்பிப்பதா, விற்பதா என்ற முடிவை எடுத்துவிட வேண்டும். ஓராண்டு எஞ்சும்போது வாங்குபவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். 6 மாதம் எஞ்சும்போது விலை என்ற ஒன்றே இருக்காது.

பணம் இருந்தும் பதிவு செய்ய முடியாத மெஸ்ஸி

பார்சிலோனாவில் லயோனல் மெஸ்ஸியின் ஒப்பந்தம் 2021 ஜூன் 30 அன்று முடிவடைந்தது. தொடர்ந்து ஆட அவர் விரும்பினார், கிளப்பும் விரும்பியது, குறைந்த ஊதியத்துக்கு அவர் இணங்கவும் செய்தார். ஆயினும், ஆகஸ்ட் 5 அன்று அவர் விலகுவதாக அறிவிப்பு வெளியானது.

காரணம், ஸ்பெயினின் லா லிகா தொடரில் ஒவ்வொரு கிளப்பின் வருவாய், கடன் ஆகியவற்றைக் கணக்கிட்டு வீரர்களுக்கான செலவு வரம்பு தனித்தனியாக வகுக்கப்படுகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான பட்டியலில் ரியல் மாட்ரிட்டின் வரம்பு சுமார் 73.9 கோடி யூரோ. பார்சிலோனாவுக்கு சுமார் 9.8 கோடி யூரோ மட்டுமே. முந்தைய ஆண்டுகளில் அளிக்கப்பட்ட பெரிய ஒப்பந்தங்களின் சுமையும், கொரோனா கால வருவாய் இழப்பும் சேர்ந்து, கிளப் வரலாற்றின் மிகச் சிறந்த வீரருக்கே இடமில்லாமல் செய்துவிட்டன. ரசிகர்கள் மெஸ்ஸியின் கண்ணீரைக் கண்டனர். அதன் வேர் பழைய ஒப்பந்தத் தாள்களில் இருந்தது.

இதே மெஸ்ஸி 2023 ஜூலையில் அமெரிக்காவின் இன்டர் மயாமி கிளப்பில் சேர முடிந்ததும் ஒரு விதியின் துணையால்தான். அமெரிக்காவின் எம்எல்எஸ் தொடரிலும் ஊதிய உச்சவரம்பு உண்டு. ஆனால், ஓர் அணியில் 3 வீரர்கள் வரை எவ்வளவு ஊதியம் பெற்றாலும், அதில் வரையறுக்கப்பட்ட ஒரு பகுதி மட்டுமே கணக்கில் ஏறும். டேவிட் பெக்காமின் வருகையையொட்டி 2007-இல் கொண்டுவரப்பட்ட இவ்விதி அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஃபுட்பால் மேனேஜரில் எம்எல்எஸ் அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த 3 இடங்களை யாருக்கு அளிப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

ஆண்டுகளை நீட்டிக்கும் உத்தி

செலவைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும் உத்தி ஐரோப்பாவிலும் உண்டு. வேறு கிளப்பிடமிருந்து வீரரை வாங்கக் கொடுத்த தொகை, கணக்கேட்டில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரிக்கப்படும். 10 கோடி யூரோவுக்கு வாங்கிய வீரருக்கு 5 ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 2 கோடி. 8 ஆண்டு என்றால் 1.25 கோடி.

இங்கிலாந்தின் செல்சி கிளப் 2023 தொடக்கத்தில் மிகைலோ முட்ரிக், என்சோ பெர்னாண்டஸ் ஆகியோருக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தம் அளித்தபோது இந்த உத்தி பெரும் விவாதத்துக்கு உள்ளானது. அதே ஆண்டில் ஐரோப்பியக் கால்பந்து சங்கங்களின் ஒன்றியமான யூஇஎஃப்ஏ, ஒப்பந்தம் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் கணக்கில் 5 ஆண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று விதியை மாற்றியது. வீரர் ஊதியம், மாற்றுக் கட்டணம், முகவர் கட்டணம் ஆகியவற்றுக்கான மொத்தச் செலவும் வருவாயில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற எல்லை, 90, 80 எனப் படிப்படியாக இறக்கப்பட்டு 2025-26 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

வீடியோ கேம் சொல்லாதவை

இந்த விளையாட்டுகள் நிஜத்தின் முழுப் பிரதி அல்ல. என்எஃப்எல் ஒப்பந்தங்களில் உள்ள உறுதியளிக்கப்பட்ட தொகை, திறன்சார் ஊக்கத்தொகை, கணக்குக்காகவே சேர்க்கப்படும் வெற்று ஆண்டுகள் ஆகிய நுணுக்கங்கள் அனைத்தும் மேடனில் அப்படியே இடம்பெறுவதில்லை. ஐரோப்பிய கிளப்புகளில் பல, வீரர்களின் ஊதியத்தை வெளியிடுவதில்லை என்பதால் ஃபுட்பால் மேனேஜரில் காணும் தொகைகளில் மதிப்பீடுகளும் கலந்திருக்கும். தவறான முடிவு எடுத்துவிட்டால், பழைய சேமிப்பைத் திறந்து மீண்டும் தொடங்கலாம். டென்வருக்கும் பார்சிலோனாவுக்கும் அந்த வசதி இருக்கவில்லை.

மேடனில் உச்சவரம்பையே நிறுத்திவைக்கும் தெரிவும் உள்ளது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதை நிறுத்தி ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு இயக்கிக்கொள்ளலாம்.

கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

* இந்த ஆண்டின் செலவை மட்டும் பார்க்காமல், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் வீரரின் வயதையும் அப்போதைய செலவையும் பார்க்க வேண்டும். 31 வயது வீரருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம் என்பது 34 வயது வீரருக்கும் சேர்த்துத் தரும் ஊதியம்.

* மேடனில் நீண்ட காலம் அணியில் இருப்பார் என்ற உறுதியுள்ள இளம் வீரருக்கே பெரிய போனஸ் பொருந்தும். விரைவில் விடுவிக்க நேரலாம் என்று தோன்றும் வீரருக்கு, போனஸைக் குறைத்து ஊதியத்தைக் கூட்டுவதே பாதுகாப்பு.

* ஒருவரை விடுவிக்கும் முன், இந்த சீசன், அடுத்த சீசன் ஆகிய இரண்டின் அபராதத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஓராண்டு பொறுத்தால் நட்டம் மிச்சமாக மாறக்கூடும்.

* ஃபுட்பால் மேனேஜரில் புதிய நட்சத்திரத்துக்கு ஊதியம் பேசும் முன், ஏற்கெனவே உள்ளவர்களின் ஒப்பந்தப் பிரிவுகளைப் படிக்க வேண்டும்.

* முக்கிய வீரர்கள் அனைவரின் ஒப்பந்தமும் ஒரே ஆண்டில் முடியாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு முடிந்தால் அணியே பேரம் பேசும் வலிமையை இழக்கும்.

* ஊதிய நிதியை முழுமையாகச் செலவிடாமல், காயம், ஒப்பந்தப் புதுப்பிப்பு ஆகியவற்றுக்காக ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும்.

செய்தியைப் படிக்கவும் உதவும் கணக்கு

இந்தியாவில் ஐபிஎல் அணிகளுக்கு 2025 சீசனுக்கான ஏலத்தில் ரூ.120 கோடி எல்லையாக இருந்தது. ரிஷப் பந்தை ரூ.27 கோடிக்கு வாங்கிய லக்னோ அணி, அந்த எல்லையில் 22.5 சதவீதத்தை ஒருவருக்கே அளித்தது. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்திலும் அணிகளின் ஊதியச் செலவுக்கு வரம்பு உண்டு. ஆக, எல்லைக்குள் அணியைக் கட்டுவது என்பது இந்திய ரசிகர்களுக்குப் புதிதல்ல. புதியது, அந்த எல்லையை அடுத்த ஆண்டிடமிருந்து கடன் வாங்கி விரித்துக்கொள்ள முடியும் என்பதும், அந்தக் கடனை ஒருநாள் கட்டியாக வேண்டும் என்பதும்தான்.

ஒரு நட்சத்திர வீரருக்கு இத்தனை கோடியில் ஒப்பந்தம் என்ற செய்தி வரும்போது, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அதில் எவ்வளவு உறுதியளிக்கப்பட்டது? எந்தெந்த ஆண்டுகளின் கணக்கில் அது ஏறும்? அவரை இடையில் விடுவித்தால் எவ்வளவு மீதி நிற்கும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்து கையெழுத்திடுபவரின் அணி, கோப்பையை வென்ற பிறகும் கலையாமல் நிற்கும்.